கை மட்டும் தூங்கட்டும்

"பாதி மயக்கமா, முழு மயக்கமா?" கையில் அறுவை என்று தேதி குறித்துவிட்டால் பினாங்கில் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி இதுதான். மலாயில் பியுஸ் பெனோ, பியுஸ் செபாரோ என்பார்கள். அதையே நாம் முழுசு, பாதி என்று ஆக்கிக்கொண்டோம். பாதி என்று காதில் விழுந்ததும் நம் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அரைவேக்காட்டுச் சோறு மாதிரி ஏதோ குறை. "டாக்டர், முழுசாவே போட்டுடுங்க" என்று கெஞ்சியவர்களை நான் எண்ணி வைத்ததில்லை.

நான் மருத்துவர் இல்லை. அறுவைக் கூடத்தில் மயக்க மருந்து நிபுணருக்குப் பக்கத்தில் நிற்கும் உதவியாளனாக முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் டிரஸ்ஸர் என்று கூப்பிட்டார்களே, அந்த வம்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைப் பிடித்த கை என்னுடையது இல்லை. ஊசியோடு குழாயால் இணைந்த சிரிஞ்சை, "கொஞ்சம் கொஞ்சமா" என்று நிபுணர் சொல்லச் சொல்ல அழுத்திய கை என்னுடையது.

போன வருடம் என் அக்கா ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் மீன் கடை ஈரத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து விலகிவிட்டது. பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். அக்காவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "அக்கா, இது பாதி இல்ல. கைக்கு முழு மயக்கம், உங்களுக்கு மயக்கமே இல்ல."

கைக்கான நரம்புகள் கையில் பிறப்பதில்லை, கழுத்தில் பிறக்கின்றன. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் கடைசி நான்கு நரம்பு வேர்கள், மார்புப் பகுதியின் முதல் வேர், ஆக ஐந்து. இந்த ஐந்தும் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகளுக்கு நடுவே வந்து மூன்று தண்டுகளாகச் சேரும். காறை எலும்புக்குப் பின்னால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து ஆறாகும். அதற்குக் கீழே மறுபடி மூன்று வடங்களாகக் கூடி, அக்குளுக்கு வரும்போது தோள், மேல்கை, முன்கை, விரல் என்று தனித்தனியே ஓடும் ஐந்து பெரிய நரம்புகளாக மாறும். இந்தச் சிக்கலுக்குப் பெயர் பிரேக்கியல் பிளெக்ஸஸ், தமிழில் புய நரம்புப் பின்னல். தாழம்பூ வைத்துப் பின்னிய சடையைப் பிரித்துப் பார்த்தால் எந்த இழை எங்கே போனது என்று தெரியாதே, அப்படித்தான் இதுவும்.

இந்தப் பின்னலை மரத்துப்போகச் செய்வதைத்தான் கூடத்தில் 'பிளாக்' என்போம். பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நெடுஞ்சாலையில் போலீஸ் ரோட்பிளாக் போட்டால் என்ன ஆகும்? பாலத்தின் வாயிலிலேயே போட்டால் தீவைவிட்டு அந்த வழியாகப் போகிற வண்டி எல்லாம் நிற்கும். பாலிக் பூலாவுக்குப் போகும் மலைப்பாதையில் போட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் மட்டும் மாட்டுவார்கள், மற்ற ஊர் தன்பாட்டுக்கு ஓடும். நரம்பிலும் அதே கதை. எங்கே மறிக்கிறோம் என்பதுதான் விஷயம், எவ்வளவு மருந்து என்பது அப்புறம்தான்.

தோளில் அறுவை என்றால் கழுத்திலேயே மறிக்க வேண்டும். அந்த இரண்டு தசைகளுக்கு நடுவில் மருந்தை விடுவார்கள். இன்டர்ஸ்கேலீன் பிளாக் என்று பெயர். தோளுக்கு இதைப்போல் வேறில்லை. ஆனால் சுண்டுவிரல் பக்கம் சரியாக மரக்காமல் போகலாம், ஏனென்றால் அந்தப் பக்கத்து வேர்கள் கீழே ஆழத்தில் இருக்கின்றன. ஆக, கை விரல் அறுவைக்கு இது தோதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. மூச்சை இழுக்க முக்கால்வாசி வேலை செய்யும் தசை அது. பழைய முறையில் 20 மில்லிக்கு மேல் மருந்து விட்டபோது, அந்தப் பக்கத்து உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்குமே சில மணி நேரம் படுத்துவிடும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நாற்பது வருடம் சிகரெட் பிடித்த மாமாவுக்குத் தெரியும். அதனால்தான் கையை அறுப்பதற்கு முன்னால் "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா?" என்று கேட்கிறார்கள். சம்பந்தமில்லாத கேள்வி என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் நடக்கும். ஊசி போட்ட பக்கத்து இமை தொங்கும், கண் பாவை சுருங்கும், சிலருக்குக் குரல் கம்மும். பக்கத்து நரம்புகளுக்கும் மருந்து எட்டிவிட்டது என்று அர்த்தம். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று அலறுவார்கள். ஒருமுறை அந்த அலறலை நேரில் கேட்டிருக்கிறேன்.

காறை எலும்புக்கு மேலே மறிப்பது அடுத்த வழி. அங்கே பின்னல் மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கி நெருக்கமாக இருக்கும். அதனால் ஒரே இடத்தில் விட்ட மருந்து மேல்கை நடுவிலிருந்து விரல் நுனிவரை வேலை செய்யும், சீக்கிரமாகவும் செய்யும். முதுகுத்தண்டில் போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைக்கும் ஊசிதான் ஸ்பைனல், கைக்கான ஸ்பைனல் என்று இதைச் செல்லமாகச் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், பின்னலுக்கு அடியில் முதல் விலா எலும்பு, அதை ஒட்டி நுரையீரலின் உச்சி. ஊசி ஒரு சென்டிமீட்டர் தப்பினால் நுரையீரலைச் சுற்றி காற்று புகுந்துவிடும். அல்ட்ராசவுண்ட் வராத காலத்தில் இந்த வழியைத் தொடவே பல நிபுணர்கள் தயங்கினார்கள்.

காறைக்குக் கீழே மறிக்கும் முறையும் உண்டு. முழங்கைக்கும் அதற்குக் கீழும் நன்றாகப் பிடிக்கும், கையைத் தூக்க முடியாத நோயாளிக்கு வசதி. ஆழம் அதிகம். அங்கே ரத்தக் கசிவு வந்தால் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்துவது கஷ்டம். ஆகவே ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் யோசித்துத்தான் செய்வார்கள்.

அப்புறம் அக்குள். என் அக்காவுக்குப் போட்டது இதுதான். நுரையீரல் தூரத்தில், மூச்சு நரம்பு அதைவிடத் தூரத்தில். மணிக்கட்டு, உள்ளங்கை அறுவைக்கு இது பத்திரமான வழி. அங்கே ஒரு தமனி துடித்துக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி மூன்று நரம்புகள். நான்காவது ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேராமல் பக்கத்துத் தசைக்குள் தனியாக ஓடும். முன்கையின் கட்டைவிரல் பக்கத்துத் தோலுக்கு உணர்வு கொடுப்பது அதுதான். இந்த முரண்டுக்காரனைத் தேடிப்போய் தனியாக மருந்து கொடுக்காவிட்டால், கத்தி வைக்கும்போது நோயாளி துள்ளுவார். "பாதி மயக்கம் பிடிக்கல" என்று ஊரில் உலவும் கதைகளில் சிலவற்றுக்குக் காரணம் இந்த ஒரு நரம்புதான் என்பது என் கணிப்பு.

மேல்கையின் உட்பக்கத் தோலுக்கு வரும் நரம்புகளில் ஒன்று இந்தப் பின்னலைச் சேர்ந்ததே இல்லை. அது மார்பின் இரண்டாவது வேரிலிருந்து வருகிறது. ரத்தம் வராமல் இருக்க மேல்கையில் காற்றடைத்த பட்டை கட்டுவார்கள். கையெல்லாம் மரத்திருந்தும் அந்தப் பட்டைக்கு அடியில் மட்டும் சிலருக்குக் கடுப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அக்குளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் கொஞ்சம் மருந்து விட்டால் அந்த இடமும் மரக்கும். பட்டையை நேரம்போகக் கட்டியிருந்தால் வரும் கடுப்பு மட்டும் வேறு, அதற்கு இது பத்தாது.

மருந்து என்ன செய்கிறது? நரம்பில் செய்தி போவது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான். லிக்னோகைன், பியூபிவகைன், ரோபிவகைன் எல்லாமே அந்த அயனி நுழையும் கதவை உள்ளிருந்து அடைத்துவிடும். செய்தி அங்கேயே நின்றுபோகும். மெல்லிய நரம்பிழைகள் முதலில் மரக்கும் என்பதால் முதலில் குளிர்ச்சி தெரியாமல் போகும், கூடவே வலி, பிறகு தொடு உணர்வு, கடைசியில் அசைவு. ஐஸ் கட்டியை வைத்துச் "சில்லுனு இருக்கா?" என்று கேட்பது அதற்குத்தான். வலி போன பிறகும் யாரோ கையைப் பிடித்து இழுப்பது போன்ற உணர்வு மிச்சமிருக்கலாம். அதை வலி என்று நினைத்துப் பயந்துவிடக்கூடாது. அக்கா கத்தவில்லை, டிரில் சத்தம் கேட்டு, "யார் வீட்டுலடா ஓட்டை போடுறாங்க?" என்று கேட்டார்.

நரம்பு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக் கதை. 1884 இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கண்ணில் கொக்கெய்ன் சொட்டு விட்டால் அறுக்கும்போது வலிக்காது என்று காட்டினார். செய்தி கப்பலேறியது. அடுத்த சில மாதங்களிலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கழுத்தைத் திறந்து, பின்னலைக் கண்ணால் பார்த்தபடியே அதில் கொக்கெய்ன் செலுத்தினார். தன் மேலும் சக மருத்துவர்கள் மேலும் சோதித்துப் பார்த்ததில் அவரே அந்த மருந்துக்கு அடிமையாகிப் பல வருடம் போராடினார். 1911 இல் ஜெர்மனியில் இரண்டு பேர், கழுத்தைத் திறக்காமல் தோல் வழியாகவே ஊசி போடும் வழியைக் கண்டார்கள். ஹிர்ஷெல் அக்குளில், குலென்காம்ப் காறை எலும்புக்கு மேலே. குலென்காம்ப் முதலில் சோதித்தது தன் கையில்தான். இன்று எந்த ஆய்வுக் குழுவும் இதற்கு அனுமதி கொடுக்காது.

அந்த நாளிலிருந்து வெகுகாலம் வரை நரம்பைத் தேடியது நோயாளியின் வாய்தான். ஊசி நரம்பில் பட்டதும் விரலில் மின்சாரம் அடித்த மாதிரி சுரீர் என்று ஓடும், நோயாளி கத்துவார், அங்கே மருந்தை விடுவார்கள். பிறகு நரம்புத் தூண்டி வந்தது. ஊசி முனையில் சின்ன மின்னோட்டம், நரம்பை நெருங்கினால் விரல்கள் தாமாகத் துள்ளும். மின்னோட்டத்தை 0.5 மில்லி ஆம்பியருக்குக் குறைத்தும் துள்ளல் நின்றுபோகாவிட்டால் இடம் சரி. 0.2 க்குக் கீழேயும் துள்ளினால் ஆபத்து, ஊசி நரம்புக்குள்ளேயே போயிருக்கலாம், பின்னால் இழுக்க வேண்டும். நான் வேலை கற்றது இந்தக் காலத்தில். பியானோ வாசிப்பது போல் ஆடும் நோயாளியின் விரல்களைப் பார்த்து, "நடுவிரல் டாக்டர், இப்போ கட்டைவிரல்" என்று அறிவிப்பது என் வேலை.

1994 இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே காறைக்கு மேல் ஊசி போட்டதை வெளியிட்டார்கள். நமக்கு அது வந்து சேரச் சில காலம் ஆனது. வந்த பிறகு எல்லாமே மாறிவிட்டது. திரையில் காறைக்கு மேலே பின்னல் ஒரு திராட்சைக் குலை மாதிரி தெரியும், பக்கத்தில் தமனி துடிக்கும், அடியில் விலா வெள்ளைக் கோடாக, அதற்கும் அடியில் நுரையீரல் மூச்சுக்கு மூச்சு மினுங்கும். ஊசி வருவதும் மருந்து நரம்பைச் சுற்றிக் கறுப்பு வளையமாகப் பரவுவதும் கண்முன்னால் நடக்கும். 30, 40 மில்லி விட்ட இடத்தில் அதில் பாதிகூடப் போதும் என்று ஆனது. தொடங்கிய நாளில் "இதெல்லாம் விளையாட்டு" என்று முணுமுணுத்த பழைய ஆட்களில் நானும் ஒருவன்.

அளவு குறைந்தது ஏன் முக்கியம் என்றால், இந்த மருந்துக்கு ஒரு மேல் வரம்பு உண்டு. பியூபிவகைனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 120 மில்லிகிராம். 0.5 சதவிகிதக் கரைசலில் மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்கும், ஆக 24 மில்லியோடு கணக்கு முடிந்தது. வரம்பு மீறினாலோ, தவறி ரத்தக் குழாய்க்குள் போனாலோ உதட்டைச் சுற்றி மதமதப்பு, வாயில் இரும்புக் கசப்பு, காதில் இரைச்சல், அப்புறம் வலிப்பு, கடைசியில் இதயம் தடுமாறும். ஊசி போடும்போது மருத்துவர் "ஊர் எங்கே, பிள்ளைங்க எத்தனை" என்று கேட்டுக்கொண்டே இருப்பது வெறும் பேச்சுக்கு இல்லை. பேச்சு குழறினால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

ரொம்ப காலம் இந்த நச்சுக்குத் திட்டமான முறிவு மருந்து இல்லை. 1998 இல் அமெரிக்காவில் வைன்பெர்க் என்பவர், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குச் சிரையில் ஏற்றும் பால் போன்ற கொழுப்புக் கரைசல் இதற்கு எதிராக வேலை செய்வதை எலிகளிடம் கண்டார். 2006 இல் அதே கரைசல் இதயம் நின்ற மனிதர்களையும் மீட்டதாக முதல் செய்திகள் வந்தன. இப்போது பிளாக் போடும் அறையில் 20 சதவிகிதக் கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதன் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் என் வேலையாக இருந்தது.

நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பத்தாயிரத்துக்கு இரண்டு முதல் நான்கு என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சில நாள், சில வாரம் மதமதப்பு இருப்பது அதைவிட அதிகம், பெரும்பாலும் தானாகப் போய்விடும். மோட்டார் சைக்கிள் விபத்தில் தோள் அடிபட்டு ஏற்கெனவே பின்னல் அறுந்த பிள்ளைகளை இந்த ஊரில் நிறைய பார்த்தேன். அப்படிப் பழைய நரம்புக் காயம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் சமூகத்துக்கு இந்த பிளாக் மிக நெருக்கமாக வரும் இடம் எலும்பு முறிவு அல்ல, டயாலிசிஸ். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்புநீர். அதில் ஒரு பகுதியினர் சிறுநீரகம் போய், டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவுக்கு வருகிறார்கள். இவர்களில் பலருக்கு இதயமும் பலவீனம், முழு மயக்கம் அவர்களுக்குப் பெரிய சுமை. பிளாக் போட்டால் இன்னொரு லாபமும் சேருகிறது: ரத்தக் குழாயைச் சுருக்கும் நரம்புகளும் மரத்துப்போவதால் குழாய் விரியும், கை கதகதப்பாகும். கிளாஸ்கோவில் 126 பேரிடம் நடத்தி 2016 இல் வெளியான ஆய்வில், வெட்டும் இடத்தில் மட்டும் மருந்து போட்டவர்களில் மூன்று மாதம் கழித்து 62 சதவிகிதம் பேரின் ஃபிஸ்டுலா ஓடியது. பிளாக் போட்டவர்களில் 84 சதவிகிதம். "பாதி" என்று நாம் கேவலமாகப் பார்த்த சரக்கின் வேலை இது.

பின்னலைத் தொடாமலேயே கையை மரக்கவைக்கும் வழிகளும் உண்டு. 1908 இல் ஆகஸ்ட் பீர் சொன்ன முறையில் கையிலிருந்து ரத்தத்தை வடித்து, மேலே பட்டையை இறுக்கி, சிரையில் மருந்தை ஏற்றுவார்கள். சின்ன அறுவைக்குத்தான். மருந்து கொடுத்து 20 நிமிடத்துக்குள் பட்டையை அவிழ்க்கவே கூடாது. இதற்குப் பிரிலோகைன் என்ற மருந்தைப் பயன்படுத்தினால் ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக உள்ளவர்களுக்கு ஆகாது. மலேசியாவில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனை செய்துவிடுகிறார்கள். அந்த அட்டையை இருபது வருடம் கழித்தும் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மார்களுக்கு என் கும்பிடு.

இன்னொன்று, வெட்டும் இடத்தைச் சுற்றியே லிக்னோகைனையும் அட்ரினலினையும் கலந்து தாராளமாக விட்டு, பட்டையே கட்டாமல் செய்வது. வாலண்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், நம் நாட்டுக் கை மருத்துவர்கள் சிலருக்கு மிகப் பிடித்த முறை. விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லித்தந்தார்கள். கனடாவில் டொனால்ட் லலோண்டும் கூட்டாளிகளும் 3,110 பேரைக் கணக்கெடுத்து, ஒரு விரல்கூடப் போகவில்லை என்று 2005 இல் காட்டினார்கள். அறுந்த தசைநாணைத் தைத்தபின் "விரலை மடக்குங்க" என்று நோயாளியிடமே சொல்லிச் சோதிக்க முடிவது இதன் அழகு.

பிளாக்தானே என்று காலையில் தே தாரிக் குடித்துவிட்டு வருகிறார்கள். பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் ஆக வேண்டும். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். பிளாக் பிடிக்காமல் போனால் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும், அப்போது வயிறு காலியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஒன்றில் கோட்டைவிட்டேன். அக்காவுக்குக் காலை பத்தரைக்கு ஊசி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார், வலியே இல்லை. கொடுத்த வலி மாத்திரைகளை மேசையில் வைத்துவிட்டு, "வலிச்சா பார்த்துக்கலாம்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மரத்த கை எங்கே கிடக்கிறது என்று அதற்கே தெரியாது, கழுத்தில் மாட்டும் துணித் தூளியில் வைத்திருக்க வேண்டும், சூடான மைலோ டம்ளர் கிட்டே வரக்கூடாது என்றெல்லாம் சொன்னேன். படுத்த பிறகு, "யாரோ கைய என் மேல போட்டிருக்காங்கடா" என்று சிரித்தார். மருந்து இறங்கும்போது வலி படிப்படியாக வராது, மொத்தமாக வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு போன். அக்கா அழுகிறார். முதலில் விரல் நுனி ஊறியது, கால் மணி நேரத்தில் முழு வலியும் வந்துவிட்டது என்றார். மரப்பு இருக்கும்போதே, தூங்கும் முன்பே, முதல் மாத்திரையைப் போட்டிருக்க வேண்டும். வலி வந்த பிறகு போடும் மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் போனை வைக்காமல், கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொல்லி, தண்ணீர்மலை முருகனிலிருந்து அந்த மீன்காரன் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.